போனில் சாமான் எடுக்கத் தொடங்கிய பிறகு வீட்டுக்குள் வரும் சாப்பாடே மாறிவிட்டது. உங்கள் வீட்டில் எப்படி?

உப்போடைக்காரி (கல்லடி)

கல்லடி உப்போடையில் இருக்கிறேன். வீட்டில் நான், அவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா. நானும் அவரும் வேலைக்குப் போகிறவர்கள். இந்தக் கேள்வியை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்களிடம்தான் கேட்க விரும்புகிறேன். வாவியும் கடலும் வயலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்தில் இந்த மாற்றம் வேறு மாதிரித் தெரிகிறது.

எங்கள் வீட்டில் இது 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கோடு தொடங்கியது. கடைக்குப் போக வழியில்லை. அனுமதி எடுத்த கடைக்காரர்கள் வாகனத்தில் சாமான் கொண்டுவந்தார்கள், அவர்களின் போன் நம்பர் வீட்டுக்கு வீடு கைமாறியது. துண்டில் எழுதிப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் பின்னேரம் கடப்படியில் சாமான் இறங்கும். ஊரடங்கு முடிந்ததும் திரும்பவும் கடைக்குத்தான் போனோம். பிறகு 2022இல் பெற்றோல் வரிசை. எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் கோட்டுக்குக் கிடைத்த சில லீற்றரை மாவும் சீனியும் வாங்கப் போய் எரிக்க மனம் வரவில்லை. அப்போது பிடித்த பழக்கம் இன்றுவரை நிற்கிறது. இப்போது பலசரக்கு ஒரு சூப்பர்மார்க்கெட்டின் அப்பில். அவசரத்துக்கு மட்டும் ஊர்க்கடைக்கு வட்ஸ்அப்.

நேரம் மிச்சம்தான். வேலை முடிந்து வந்து, பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த காலம் எனக்கு மறக்கவில்லை, அதற்குத் திரும்பச் சொல்லி யாரும் என்னைக் கேட்க வேண்டாம். நான் கவலைப்படுவது வேறு.

முன்பு எங்கள் வீட்டில் வந்ததைப் பார்த்துத்தான் கறி. மீன்கார அண்ணன் ஹோர்ன் அடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் வருவார். அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பா. கீரி மலிவென்றால் அன்றைக்குக் கீரி. சூடை பளபளவென்று கிடந்தால் பொரியல். வாவி மணலை வந்திருந்தால் மாங்காய் போட்டு ஒரு குழம்பு. ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லையென்றால் பருப்பும் முட்டையும். கையில் காசு குறைவான நாளில் அந்தக் காசுக்கு எது வருமோ அதுதான் சமையல். இப்போது சனிக்கிழமை இரவு பிள்ளைகள் படுத்த பிறகு நான் போனோடு குந்துகிறேன். வருகிற கிழமைக்கு என்ன கறி என்று முதலில் யோசிக்கிறேன், பிறகு அதற்குப் பொருள் தேடுகிறேன். ஒழுங்கு தலைகீழாகிவிட்டது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஏனென்றால் அப்பில் இல்லாதது எங்கள் யோசனைக்குள்ளும் வருவதில்லை. அங்கே இருப்பது சூரையும் பாரையும் துண்டு போட்டு உறைய வைத்த பக்கற், அல்லது ரின் மீன். சூடை இல்லை, நெத்தலி பச்சையாக இல்லை, வாவி இறால் இல்லை. அம்மா சுண்டித் தருகிற முசுட்டைக் கீரையும் குறிஞ்சாக் கீரையும் எந்தப் படத்திலும் இல்லை. மரக்கறி என்றால் கரட், லீக்ஸ், போஞ்சி, கோவா. எங்கள் கத்தரியும் வெண்டியும் பயற்றங்காயும் சில நேரம் இருக்கும், பல நேரம் இருக்காது. அதனால் மலைநாட்டு மரக்கறி எங்கள் வீட்டில் கூடிவிட்டது. கிழமை முடிவில் பிரிட்ஜின் அடித்தட்டில் வாடிய கரட்டை எடுத்து எறிகிற வீடாகவும் ஆகிவிட்டோம். அன்றன்றைக்கு வாங்கிய காலத்தில் எறிவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இன்னொன்று, 5,000 ரூபாவுக்கு மேல் எடுத்தால் டெலிவரி இலவசம். 4,300இல் நிற்கும்போது அந்த 700 ரூபாவுக்கு என்னத்தையாவது தேடுகிறேன். அது எப்போதும் பிஸ்கட்டாக, நூடில்ஸாக, சவர்க்காரமாகத்தான் இருக்கிறது, கெட்டுப்போகாத சாமானாக. பழைய ஓர்டரை அப்படியே திரும்பப் போடும் பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் போன மாதம் எடுத்த அதே பால்மா, அதே தேயிலை. விலை மாறியதைக் கண்ணும் கவனிப்பதில்லை, பக்கத்தில் வேறு இருக்கிறதா என்று கையும் தேடுவதில்லை. கடைத்தட்டில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு முன்பு நன்றாகவே இருந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் ரொபியும் சிப்ஸும் பிள்ளைகளின் கண்ணில் படுவதில்லை. அந்தச் செலவும் அந்த அழுகையும் உண்மையாகவே குறைந்துவிட்டன.

அம்மாவுக்குத்தான் பெரிய இழப்பு. முன்பு கறியை முடிவு செய்தவ அவதான். இப்போது வந்த பையைத் திறந்து பார்த்து, இருப்பதை வைத்துச் சமைக்கிறா. ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் எனக்குத் தெரிகிறது.

என் கேள்வி: நீங்கள் எதைப் போனில் எடுக்கிறீர்கள், எதைக் கண்ணால் பார்த்து மட்டும் எடுக்கிறீர்கள்? மீனுக்கும் கீரைக்கும் என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? வேலைக்குப் போகிற பெண்கள் சொன்னால் இன்னும் நல்லது.


பலசரக்குக்காரன் (களுவாஞ்சிகுடி)

தங்கச்சி, நான் களுவாஞ்சிகுடியில கடை வெச்சிரிக்கன். அப்பா காலத்துக் கடை. வட்ஸ்அப்புல ஓர்டர் எடுத்து ஓட்டோவுல அனுப்புறன். நீங்க வாங்குற பக்கத்துல இருந்து சொன்னத நான் விக்கிற பக்கத்துல இருந்து கண்டிரிக்கன், அதால எழுதுறன்.

முந்தி ஒரு வீட்டில இருந்து மாசம் முழுக்க ஆள் வரும். கால் கிலோ பருப்பு, அரைக் கிலோ சீனி, நூறு கிராம் மல்லி. இப்ப 25ஆம் திகதி சம்பளம் விழுந்த கையோட ஒரு பெரிய ஓர்டர் வரும். பருப்பு ரெண்டு கிலோ, அரிசி 10 கிலோ. பொறகு நடுவுல பாணும் முட்டையும்தான். என்ட சாக்கு அவிழ்க்கிற வேலை குறைஞ்சி, கட்டி வெச்ச பக்கற் விக்கிறது கூடிப்போச்சி. மிளகாய்த்தூளக்கூட கம்பனிப் பக்கற்றாத்தான் கேக்குறாங்க. படத்துல காட்ட ஏலுறது அதுதானே.

முந்தி ‘நல்ல தேயிலையாப் பாத்துத் தாங்க அண்ணன்’ எண்டுதான் கேப்பாங்க. நான் குடிச்சிப் பாத்து நல்லா இரிக்கிறதக் குடுப்பன். இப்ப முடிஞ்ச பக்கற்றப் படமெடுத்து அனுப்புறாங்க. அது இல்லாட்டி நான் போன் எடுத்துக் கேக்காம வேற ஒண்டும் வைக்கிறதில்ல, அது என்ட கொள்கை. ஆனா மலிவா, நல்லதா வேற ஒண்டு வந்திரிக்கி எண்டு சொல்லிக் குடுக்கிற சந்தர்ப்பம் எனக்குப் போயிட்டு. ஸ்டேட்டஸ்ல போடுறன். பாக்கிறவங்க பாக்கிறாங்க.

அரிசி விசயம் சொல்லோணும். அப்புல ‘சிவப்பு நாட்டரிசி 5 கிலோ’ எண்டு இரிக்கும். அது புதரிசியா, பழசா? மாசி, பங்குனியில பெரும்போகம் அறுத்த கையோட குத்தின அரிசிக்குத் தண்ணி குறைச்சி வைக்கோணும், இல்லாட்டிக் குழைஞ்சி போகும். ஆறு மாசம் கிடந்த அரிசி கூடத் தண்ணி கேக்கும், சோறும் நல்லா வரும். கஞ்சிக்கும் பாற்சோத்துக்கும் புதுசு நல்லம், பிள்ளையளுக்குச் சோறு கட்டிக் குடுக்கப் பழசு நல்லம். கடைக்கு வாற அம்மா ஆக்கள் கையில ரெண்டு மணி எடுத்துக் கடிச்சிப் பாத்துச் சொல்லிருவாங்க. அந்த அறிவு படத்துல இல்ல. வட்ஸ்அப்புல கேட்டா நான் சொல்லுவன், கேக்கிறவங்கதான் குறைவு.

மரக்கறி நான் விடியச் சாமம் போய் களுதாவளைத் தோட்டக்காரர்ட்ட எடுக்கிறன். கத்தரி, வெண்டி, பயற்றங்காய், மிளகாய், வெத்திலை எல்லாம் அங்க கைக்குக் கிட்ட இரிக்கி. பெரிய கடையளுக்கு ஒரே அளவா, ஒரே மாதிரி, நாளாந்தம் இவ்வளவு எண்டு வேணும். எங்கட சின்னத் தோட்டக்காரரால அது ஏலாது. அதாலதான் உங்கட அப்புல கரட்டும் லீக்ஸும் கூட. அது ஆரையும் குறை சொல்ல இல்ல, அவங்கட வியாபாரம் அப்படி ஓடுது.

இப்ப நான் மனசுல கிடக்கிறதச் சொல்றன். என்ட கடையில கடன் எழுதுற கொப்பி இரிக்கி. கூலி வேலைக்குப் போறவங்க, தோணியில போறவங்க, மேசன் வேலை செய்றவங்க எல்லாம் கொப்பியிலதான் எடுப்பாங்க. மழை பெய்ஞ்சா வேலை இல்ல, கடல் கொந்தளிச்சா தொழில் இல்ல. அப்ப அவங்க வீட்டில அடுப்பு எரியிறது கொப்பியால. அவங்களுக்கு 50 கிராம் தேயிலை, போத்தல் கொண்டு வந்தா கால் போத்தல் தேங்காயெண்ணெய். எந்த அப்பும் அந்த அளவுல விக்கிறதில்ல. இந்தக் கடன நான் எப்படித் தாங்குறன்? மாசச் சம்பளக்காரர் கையில காசு குடுத்து எடுக்கிற பெரிய ஓர்டரால. அந்தக் காசு சுழண்டுதான் கம்பனிக்காரனுக்குக் குடுக்கிறன், அந்தச் சாமானத்தான் கொப்பிக்காரருக்கும் குடுக்கிறன். சம்பளக்கார வீடெல்லாம் பெரிய ஓர்டர வெளியில குடுத்துப்போட்டு, பாணுக்கும் முட்டைக்கும் மட்டும் எங்களிட்ட வந்தா கொப்பிய மூட வேண்டி வரும். 2022ல கொப்பி எழுதாத கடையளுக்கு முன்னால சனம் நிண்ட நிலைய நான் கண்டவன். அதுதான் பயம்.

உங்கள ஓன்லைன விடச் சொல்ல இல்ல தங்கச்சி. பால்மா, சவர்க்காரம், டயபர் விலை குறைவா வந்தா அங்க எடுங்க. அரிசி, பருப்பு, சரக்குச் சாமான ஊர்க்கடையில எடுங்க. வட்ஸ்அப்பும் ஓன்லைன்தானே.


சாய்ந்தமருது லாத்தா

தங்கச்சி மீனுக்கு வழி கேட்டீங்க. எங்கட பக்கம் கரைவலை இழுக்கிற இடத்துக்கே வட்ஸ்அப் போயிட்டு. மீன் எடுக்கிற தம்பி ஒராள் குறூப் வெச்சிரிக்கார். வலை கரைக்கு வந்ததும் படம் போடுவார், விலையும் போடுவார். நாங்க பேரையும் கிலோவையும் எழுதினா வெட்டிக் கழுவி வீட்டுக்கு வரும். அதால உங்க அம்மா மாதிரி வந்ததப் பாத்துத்தான் நாங்களும் இன்னும் கறி ஆக்குறம், கடப்படிக்குப் பதிலாப் போன்ல பாக்கிறம், அவ்வளவுதான்.

ரெண்டு விசயம் கவனிங்க. செவுளத் தூக்கிப் படம் எடுக்கச் சொல்லுங்க, சிவப்பு எண்டாத்தான் எடுக்கோணும். கண் உள்ளுக்குப் போயிருந்தா வேணாம். ஐஸ்ல கிடந்ததா, இண்டைக்குப் பட்டதா எண்டும் எழுத்துல கேளுங்க. ஒருக்கா எழுதிப் பதில் சொன்னா அடுத்த முறை மாத்தி அனுப்ப மாட்டாங்க. கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்துக்கு கரைவலை இல்ல. அப்ப வாவி மீனும் கருவாடும்தான், அந்த மாசத்துக்கு முன்னமே நல்ல கருவாடு வாங்கி வெயில் காட்டி வெச்சிருங்க.

நோன்பு காலத்துல நான் போன்லதான் எல்லாம். பேரீச்சம்பழம், கஞ்சி அரிசி, ரவை, சேமியா ஒரே தடவையா வந்திரும். பசியோட கடைக்குப் போனா கண்டதெல்லாம் வாங்க மனம் சொல்லும். ஸஹருக்குப் பிறகு வீட்டில இருந்து எழுதினா தேவையானது மட்டும்தான் வரும். இது நான் கண்ட உண்மை.


வணிகக்கல்வி (செங்கலடி)

லாத்தா சொன்னதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். உயர்தரத்துக்கு வணிகக்கல்வி படிப்பிக்கிறேன், அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடி வாசித்திருக்கிறேன்.

2010இல் கேத்ரின் மில்க்மன், டொட் ரொஜர்ஸ், மக்ஸ் பேசர்மன் என்ற மூன்று பேர் அமெரிக்காவில் ஓன்லைன் மளிகை ஓர்டர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர்டர் போடுவதற்கும் சாமான் வருவதற்கும் இடைவெளி கூடக் கூட, மக்கள் ஐஸ்கிரீம் போன்ற ஆசைப் பொருட்களைக் குறைத்து மரக்கறி போன்றவற்றின் பங்கைக் கூட்டுகிறார்கள், மொத்தச் செலவும் குறைகிறது. நாளைக்குச் சாப்பிடப்போவது என்றால் ஆசை பேசும், அடுத்த கிழமைக்கு என்றால் புத்தி பேசும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டது இன்னொன்று: பொருள் கண்முன்னே கிடக்காமல் படமாக மட்டும் தெரியும்போது ஆசைப் பொருட்களின் இழுப்புக் குறைகிறது. சகோதரியின் பிள்ளைகள் ரொபி கேட்காததற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சகோதரி சொன்ன 700 ரூபா இதற்கு எதிராக வேலை செய்கிறது. இலவச டெலிவரி எல்லையை வியாபாரிகள் சும்மா வைப்பதில்லை. ஒரு பையைக் கொண்டுபோகும் செலவு 2,000 ரூபாச் சாமானுக்கும் 5,000 ரூபாச் சாமானுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பை பெருத்தால்தான் அவர்களுக்குக் கட்டும். அமெரிக்காவில் ஓன்லைனில் மளிகை விற்ற வெப்வன் என்ற நிறுவனம் பெரும் பணத்தைக் கொட்டிக் களஞ்சியங்கள் கட்டி, 2001இல் வங்குரோத்தாகி மூடிப்போனது. வீட்டு வாசல்வரை கொண்டுபோகும் அந்தக் கடைசித் தூரத்தின் செலவு அவ்வளவு கடினமானது. ஆகவே எல்லையைத் தொடப் பிஸ்கட் போடாமல், அடுத்த மாதத்துக்கு எப்படியும் தேவைப்படும் ஒன்றை முன்கூட்டி எடுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஓர்டர் போடுங்கள்.

இந்த முறையின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி. 1984 மே மாதம் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயதுப் பெண், தன் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டால் டெஸ்கோ கடைக்கு ஓர்டர் அனுப்பினார். மாஜரின், கோர்ன்ஃபிளேக்ஸ், முட்டை. மைக்கல் ஓல்ட்ரிச் என்பவர் உருவாக்கிய ஏற்பாடு, தொலைபேசிக் கம்பி வழியே போனது. நடமாடச் சிரமப்படும் முதியவர்களுக்கு உதவத்தான் நகரசபை அதை நடத்திப் பார்த்தது. முதலில் ஒரு வயதான பெண்ணின் கையில் கொடுக்கப்பட்ட கருவி அது என்பதை உங்கள் அம்மாவின் விஷயத்தில் யோசித்துப் பாருங்கள். அவவின் கையிலிருந்து முடிவை எடுத்தது போன் இல்லை. போன் உங்கள் கையில் மட்டும் இருப்பதுதான் எடுத்தது.

வீட்டுக்கு வந்த சாமானைப் பற்றி ஒரு விஷயம். கடையில் நாம் திகதியைத் திருப்பிப் பார்ப்போம், டெலிவரிப் பையில் பார்ப்பதில்லை. காசு கொடுக்க முன் காலாவதித் திகதியையும் பக்கற்றில் அச்சடித்த உச்ச சில்லறை விலையையும் பாருங்கள். அந்த விலைக்கு மேல் விற்பது சட்டப்படி குற்றம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, முறைப்பாட்டு இலக்கம் 1977. ஓன்லைனில் எடுத்தால் இந்த உரிமை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது.


மண்டூரான்

எங்கட பக்கத்துக்கு டெலிவரி எண்டா குருமண்வெளித் துறையில பாதை (வாவியக் கடக்கிற மிதவை) ஏறி வரோணும், இல்லாட்டிச் சுத்தி வரோணும். நிறையக் கடை ‘அந்தப் பக்கம் வாறதில்ல’ எண்டே சொல்லிருவாங்க. வாவிக்கு மேற்குப் பக்கம் இரிக்கிற படுவான்கரைச் சனத்துக்கு இந்தக் கேள்வி இன்னும் முழுசா வந்து சேர இல்ல.

ஆனா வேற ஒண்டு வந்திரிக்கி. வெளிநாட்டில இரிக்கிற பிள்ளையள் அங்க இருந்து ஓர்டர் போட்டு இஞ்ச அம்மா அப்பாக்குச் சாமான் அனுப்புறாங்க. எங்கட ஒழுங்கையில ஒரு அம்மாவுக்கு மகன் கட்டார்ல இருந்து மாசா மாசம் பெட்டி அனுப்புறார். ஓட்ஸ், பால்மா, பிஸ்கட், ரின் மீன், தைலம் எல்லாம் இரிக்கும். பாசம் பெரிசு, அதுல குறை இல்ல. ஆனா அந்த அம்மாவுக்கு வேண்டியது வெத்திலை, பாக்கு, நல்ல கருவாடு, கொஞ்சம் கைக்காசு. வாங்குறவர் ஒரு இடம், சாப்பிடுறவர் இன்னொரு இடம். உப்போடைத் தங்கச்சி வீட்டுக்குள்ளயே நடந்தது இஞ்ச கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமா நடக்குது. பிள்ளையள் ஓர்டர் போட முன்ன ஒரு கோல் எடுத்து ‘என்னம்மா முடிஞ்சிரிக்கி’ எண்டு கேட்டா எவ்வளவு நல்லம்.

தயிர் பத்தி ஒருத்தரும் எழுத இல்ல. எங்கட எருமைத் தயிர் மண்சட்டியில உறைஞ்சது, மோட்டார் சைக்கிள்ல கொண்டு போனா குலுங்கித் தண்ணி விட்டிரும், சட்டியும் வெடிக்கும். அதால ஓன்லைன்ல பிளாஸ்டிக் கப் தயிர்தான் ஓடுது. மண்சட்டி தண்ணிய உறிஞ்சித்தான் தயிர் அப்படிக் கட்டியா வாறது. பிளாஸ்டிக் உறிஞ்சுமா? பிள்ளையள் கப் தயிரையே தயிர் எண்டு பழகினா சட்டி வனையிறவரும் இல்ல, பட்டி வெச்சிரிக்கிறவரும் இல்ல. தயிர மட்டும் தயவு செய்து றோட்டோரத்துல சட்டி அடுக்கி வெச்சிரிக்கிறவங்களிட்ட எடுங்க.


உப்போடைக்காரி (கல்லடி)

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்து வந்துதான் எழுத முடிந்தது.

பலசரக்குக்கார அண்ணன், கொப்பி விஷயத்தை நான் இதுவரை அந்தப் பக்கத்திலிருந்து யோசித்ததில்லை. எங்கள் ஒழுங்கைக் கடையிலும் கொப்பி இருக்கிறது. கையில் சம்பளம் இருக்கிற நாங்கள் கொடுக்கும் காசில்தான் அடுத்த வீட்டுக்காரர் கடனில் அரிசி எடுக்கிறார் என்பது, சொன்னால் தெரிகிற விஷயம், ஆனால் யாரும் சொல்லியிருக்கவில்லை. என் கணவரோடு கதைத்தேன். அரிசி, பருப்பு, மா, சீனி, தூள் எல்லாவற்றையும் இனி ஊர்க்கடையில் எடுப்பது என்று முடிவு. பால்மாவும் சவர்க்காரமும் அப்பில்.

லாத்தா, நீங்கள் சொன்ன மாதிரி ஒரு குறூப் எங்கள் பக்கமும் இருக்கிறதாம். விசாரித்தபோது நாவலடிப் பக்கத்தில் மீன் எடுக்கிற ஒரு தம்பியின் நம்பர் கிடைத்தது. ஆனால் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற மீன்கார அண்ணனையே முதலில் கேட்டுப் பார்த்தேன், வெளிக்கிட முன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று. மகளைக் கொண்டு அனுப்புகிறேன் என்றார். அவருக்கும் எந்த வீட்டில் நிற்பது, எந்த வீட்டைத் தாண்டுவது என்று முன்கூட்டித் தெரியும், பெற்றோல் மிச்சம்.

ஆசிரியர் சொன்னது எனக்குச் சுருக்கென்று பட்டது, ஆனால் சரி. அம்மாவிடம் ஒரு பழைய ஸ்மார்ட்போன் இருக்கிறது, வெளிநாட்டுச் சித்தியோடு கதைக்க மட்டும். எழுத்துச் சின்னது, கண்ணுக்குப் பிடிக்காது என்று அப்பைத் திறக்க மாட்டா. குரல் பதிவு அனுப்பலாம் என்று காட்டினேன். மீன் படம் இப்போது அம்மாவின் போனுக்குத்தான் வருகிறது. பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ‘தம்பி அந்த ஓரத்துல கிடக்கிற பாரை இண்டைக்குள்ளதா, நேத்தையதா’ என்று கேட்டு அனுப்பினா. நேற்றையது என்று அவர் உண்மையைச் சொன்னார். சூடை எடுத்தோம். சனிக்கிழமை இரவு நான் இனிக் கறியை யோசிப்பதில்லை, சவர்க்காரக் கணக்கு மட்டும்தான்.

கீரைக்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. முசுட்டை கொண்டுவந்து தந்த ஆச்சி இப்போது வருவதில்லை. கல்லடிப் பக்கம் யாராவது தருகிறவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள்.

அண்ணன், உங்களிடம் இன்னொரு கேள்வி. பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுக்கிறேன். இப்போது கடையில் இருக்கிற சிவப்பு நாட்டரிசி பழசா புதுசா என்று எப்படிக் கேட்பது? கடைக்காரரே ‘எல்லாம் பழசுதான்’ என்று சொன்னால்?


பலசரக்குக்காரன் (களுவாஞ்சிகுடி)

‘பழசா’ எண்டு கேக்காதீங்க தங்கச்சி. ‘எந்தப் போகத்து நெல்லு, எப்ப குத்தினது, எந்த ஆலை’ எண்டு கேளுங்க. உள்ளத அறிஞ்சவர் உடனே சொல்லுவார். தெரியாட்டி ஒரு கிலோ மட்டும் எடுத்து ஆக்கிப் பாருங்க, நல்லா இரிந்தா அதே மூட்டையில இருந்து மாசத்துக்குரியத கட்டி வைக்கச் சொல்லுங்க. அடுத்த மூட்டை அவிழ்த்தா திரும்ப ஒரு கிலோ. தவிட்டு வாசம் காறலா வந்தா வேணாம், சிவப்பரிசி கனகாலம் கிடந்தா தவிட்டு எண்ணெய் கெட்டு அந்த வாசம் வரும். அம்மாவுக்கு ஒரு பிடி மணக்கக் குடுங்க, அவ சொல்லுவா.

முசுட்டைக்கு ஆரையம்பதிப் பக்கம் விசாரிச்சிப் பாக்கிறன். கிடைச்சா இதுலயே எழுதுறன்.